பாகன் இல்லாத தேர்: தனி மோட்டார்சைக்கிளில் ஊர் திரும்புதலும் முல்லை மரபும்

முன்னுரை

தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் முன்னைய இரவுகளில் தலைநகரிலிருந்து வடக்கும் தெற்குமாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் தனியே மோட்டார்சைக்கிள் ஓட்டிச் செல்லும் இளைஞர்களைக் காண்பது மலேசியாவில் வழக்கமான காட்சி. பின்னிருக்கையில் ஒரு பை கட்டப்பட்டிருக்கும். கைப்பிடியில் ஒரு பொட்டலம் தொங்கும். இப்பயணத்தைப் பொருளாகக் கொண்ட உரைநடையும் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. புறப்பட்ட நேரம், கடந்த ஊர்கள், நின்ற இடங்கள், சந்தித்த மழை, ஊர் சேர்ந்தபோது எழுந்த உணர்வு ஆகியவை ஏறத்தாழ இதே வரிசையில் இவ்வெழுத்துகளில் இடம்பெறுகின்றன. இவ்வகையை இனி ஒரு தனி எழுத்து வகையாகக் கருதி மதிப்பிட வேண்டிய தேவை எழுந்துள்ளது.

இவற்றைப் பயணக் கட்டுரைகளாகக் கொண்டு, தகவல் சரியா, வருணனை நன்றா என்று பார்ப்பதே பொதுவான வழக்கம். அவ்வளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. பயணக் கட்டுரை, அறியாத இடத்தை நோக்கிச் செல்பவனின் எழுத்து. ஊர் திரும்புபவனோ தான் நன்கு அறிந்த இடத்தை நோக்கிச் செல்கிறான். அவன் காண்பதில் புதுமை குறைவு, எதிர்பார்ப்பு மிகுதி. தமிழில் இந்த எதிர்பார்ப்பை ஓர் இலக்கியப் பொருளாகவே வகுத்துக்கொண்ட மரபு ஒன்று உண்டு. அது முல்லைத்திணை. வினை முடித்து மீளும் தலைவனைப் பாடிய அம்மரபை அருகில் வைத்துப் பார்த்தால், இன்றைய எழுத்து எதனைப் பெற்றிருக்கிறது, எதனை இழந்திருக்கிறது என்பன தெளிவாகும். இக்கட்டுரை அம்முயற்சியை மேற்கொள்கிறது.

மீளும் தலைவனும் பாகனும்

முல்லைக்கு நிலம் காடு, பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். அகநானூற்றில் நான்கு என்னும் எண்ணில் முடியும் பாடல்கள் நாற்பதும் முல்லைக்கு உரியவை. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய இறுதி நூறும் முல்லையே. அந்நூற்றில் இரண்டு பத்துகள் நம் ஆய்வுப் பொருளுக்கு நேரடியாக உரியவை. ஒன்று தேர்வியங்கொண்ட பத்து. மற்றொன்று வரவுச்சிறப்புரைத்த பத்து. முன்னதில் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுகிறான். பின்னதில் வந்து சேர்ந்தமையின் சிறப்புப் பேசப்படுகிறது. ஊர் திரும்புதலை விரைவு, சேர்தல் என இரு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாடல்களை ஒதுக்கிய நுட்பம் கருதத்தக்கது.

தொல்காப்பியக் கற்பியல் தலைவனுக்குப் பேச்சு நிகழும் இடங்களுள் பாகரிடம் பேசுவதையும் ஒன்றாக எண்ணுகிறது. அவ்வியலின் இறுதியில் மற்றொரு விதியும் உண்டு. வினையின்பொருட்டுப் பிரிந்தவன் மீண்டு வரும்போது இடைவழியில் தங்குதல் இல்லை. அவன் நெஞ்சைப் போலவே உதவும், பறவை போன்ற விரைவுடைய குதிரை அவனிடம் இருக்கிறது என்பது அதன் கருத்து. ஊர் திரும்புதல் என்னும் பொருளின் இலக்கணமே இதில் அடங்கியிருக்கிறது. மீள்பவனுக்கு வழி ஒரு பொருட்டன்று. அவன் நெஞ்சு முன்னரே சென்றுவிட்டது. உடலை அந்நெஞ்சோடு சேர்ப்பதே ஊர்தியின் வேலை.

இவ்விலக்கணத்தின் உச்ச வடிவம் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூற்று 384ஆம் பாடல். வேந்தனின் அரிய வினை முடிந்தது; தலைவன் தேரேறினான். ஏறியது தெரியும், வந்த வழி தெரியாது என்கிறான். முயல்கள் துள்ளும் முல்லைக் காட்டின் ஊரில் தேரை நிறுத்திப் பாகன் இறங்கச் சொன்னபோது அவன் வியக்கிறான். வானத்தில் திரியும் காற்றைக் குதிரையாகப் பூட்டினாயா, உன் மனத்தையே குதிரை வடிவில் பூட்டினாயா என்று வினவுகிறான். பிறகு பாகனைத் தழுவி வீட்டினுள் அழைத்துச் செல்கிறான். இல்லத்தவள் விருந்து பெறுகிறாள். இவற்றையெல்லாம் கண்டு சொல்பவர்கள் உழையர். தலைவன் தன் வரவைத் தானே எழுதிக்கொள்ளவில்லை.

பேயனாரின் குறுந்தொகை 400ஆம் பாடலும் இத்தகையதே. நெடுவழியில் சென்றால் இன்றே சென்று சேர இயலாது என்று கருதிய பாகன், பருக்கைக் கற்கள் நிறைந்த மேட்டு நிலம் உடையுமாறு கரம்பில் புதுவழி அமைத்துத் தேரைச் செலுத்தினான். நீ தந்தது தேரையா, நோயில் வாடி இருந்தவளையே அல்லவா தந்தாய் என்று தலைவன் அவனுக்கு நன்றி கூறுகிறான். இங்கு வழியை அறிந்தவன் பாகன். வழியை அறியாமல் இருக்கும் உரிமை பெற்றவன் தலைவன். இவ்விருவர்க்கும் இடையே நிகழும் பேச்சே முல்லைப் பாட்டின் வடிவமாயிற்று.

பாகனை இழந்த ஊர்தி

தனி மோட்டார்சைக்கிளில் தலைவனும் பாகனும் ஒருவனே. இது வெறும் ஊர்தி மாற்றம் அன்று. பாடலின் வடிவத்தையே மாற்றும் மாற்றம்.

முதலாவதாக, வழியை அறியாதிருக்கும் உரிமை பறிபோகிறது. இடக்காலால் கியரை மாற்றி, வலக்கையால் விசையையும் முன்தடையையும், வலக்காலால் பின்தடையையும் இயக்கி, சமநிலையை உடலாலேயே காத்துச் செல்பவன் தன் நெஞ்சை முன்னே அனுப்பிவிட முடியாது. நூற்றுப்பத்து சிசி கொண்ட ஒரு சிறு ஊர்தியை மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது பக்கத்தில் ஒரு பேருந்து கடந்தால் அதன் காற்றே அவனைத் தள்ளும். சாலையில் கிடக்கும் டயர்த் துண்டும் மழைநீர் தேங்கிய பள்ளமும் அவன் கவனத்தை ஒவ்வொரு கணமும் கோருகின்றன. மாசாத்தியாரின் தலைவனுக்கு வழி மறைந்து ஊர் தோன்றியது. இவனுக்கு ஊர் மறைந்து வழியே தோன்றுகிறது. ஊரைப் பற்றிய நினைவுகள் அவனுக்கு நிற்கும் இடங்களிலேயே கிட்டுகின்றன.

இரண்டாவதாக, பேச்சுக்குக் கேட்பவர் இல்லை. தலைக்கவசத்தினுள் எழும் சொல் வெளியே செல்வதில்லை. அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்னும் நூலை இங்கு ஒப்பு நோக்கலாம். அதில் கதைசொல்லி தனியன் அல்லன். மகன் பின்னிருக்கையில் இருக்கிறான். எனினும் ஓடும் ஊர்தியில் உரையாட இயலாமையால், தனக்குள் நிகழும் நெடிய சொற்பொழிவாக நூல் உருவெடுக்கிறது. அவர் முன்னர் ஆசிரியப் பணியாற்றிய மொண்டானா மாநிலத்தின் போஸ்மன் நகருக்கு மீள்வது அந்நூலின் முக்கியப் பகுதி. கேட்பவர் இல்லாமை என்னும் குறையை வடிவமாக மாற்றிக்கொண்டமை அந்நூலின் வெற்றி. நம் எழுத்துகளில் இவ்வுணர்வு அரிது. கேட்பவர் இல்லை என்பதை உணராமலேயே அவை பேசத் தொடங்குகின்றன. அதனால் சொல்லுவோனின் குரல் விளம்பரக் குரலாகிவிடுகிறது.

மூன்றாவதாக, நன்றி கூறுவதற்கு ஆள் இல்லை. குறுந்தொகைத் தலைவன் ஊர் சேர்ந்ததன் பெருமையைப் பாகனுக்கு அளித்தான். தனிப்பயணி அப்பெருமையைத் தானே எடுத்துக்கொள்ள நேர்கிறது. இத்தனை மணி நேரத்தில் இத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்னும் கணக்கு இவ்வெழுத்துகளில் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம். கணக்கில் தவறில்லை. ஆனால் அக்கணக்கு மீட்சியின் பொருளாக நின்றுவிடும்போது, ஊர் ஓர் இலக்கெண்ணாகக் குறுகுகிறது. உலகப் பயணங்களை எழுதிய ஏ. கே. செட்டியார் தம் எழுத்தில் தம்மைப் பின்னே நிறுத்தி, கண்ட மனிதர்களை முன்னே நிறுத்தியவர். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவருக்கு இருந்த அவ்வடக்கம், முந்நூறு கிலோமீட்டர் செல்பவருக்கும் பொருந்தும்.

இன்னொரு கூறும் உண்டு. எங்கே எண்ணெய் நிரப்பலாம், எந்த ஓய்வுத்தலத்தில் உணவு நன்று, எந்த மலைச்சரிவில் விழிப்பு வேண்டும் என்று பலர் எழுதுகின்றனர். இது முல்லை அன்று, ஆற்றுப்படை. மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழியின் இடர்களை எல்லாம் எடுத்துரைப்பது போல, இவையும் பின்வருவோர்க்கு வழிகாட்டுகின்றன. இது மதிக்கத்தக்க பணியே. ஆயினும் ஆற்றுப்படையில் சொல்லுவோன் தான் பெற்றதை மற்றவன் பெறவேண்டும் என்று கருதிச் சொல்கிறான். ஒருவனுடைய ஊருக்கு மற்றொருவன் மீள முடியாது. ஆகவே ஆற்றுப்படையும் முல்லையும் ஒரே கட்டுரையில் கலக்கும்போது, எழுதுபவன் தன் நோக்கம் யாது என்பதைத் தெளிந்துகொள்வது இன்றியமையாதது.

கார் என்னும் பொழுது

முல்லையில் மழை வெறும் பின்னணி அன்று. அது ஒரு தவணை. கார் தொடங்குமுன் வருவேன் என்று தலைவன் கூறிச் சென்றான். முதல் மழை விழும்போது அவன் சொல் சோதனைக்கு உள்ளாகிறது. ஆகவே இடி கேட்டதும் தேர் விரைகிறது.

மலேசியாவில் தீபாவளி அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிற்பகலிலும் மாலையிலும் பெருமழை பெய்யும் காலம் அது. தற்செயலாக நம் மீட்சியும் கார்காலத்திலேயே அமைந்துவிட்டது. ஆனால் பொருள் தலைகீழாகிறது. தேரை விரைவித்த மழை மோட்டார்சைக்கிளை நிறுத்துகிறது. மழை வலுக்கும்போது ஓட்டுநர்கள் மேம்பாலங்களின் அடியில் ஒதுங்குகின்றனர். அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர், வங்காளதேசத்துத் தொழிலாளர் எனப் பலரும் நனைந்த உடையோடு ஒரே திசையை நோக்கி நிற்கின்றனர். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. எல்லோரும் எங்கோ எதிர்பார்க்கப்படுபவர்கள் என்பது மட்டும் தெரியும்.

தனிப்பயணம் என்று பெயரிட்டு எழுதப்படும் எழுத்துகளில் இலக்கியத் தகுதி மிக்க இடம் இதுவே என்பது என் கருத்து. தனிமை உடைபடும் ஒரே இடம் இது. பாகன் இல்லாக் குறை இங்கே சிறிது நேரம் தீர்கிறது. ஆனால் பெரும்பாலான எழுத்துகள் இவ்விடத்தை, மழையால் அரை மணி நேரம் வீணாயிற்று என்னும் ஒரு தொடரில் கடந்துவிடுகின்றன. விரைவை மட்டும் மதிப்பாகக் கொண்டதன் விளைவு இது. தொல்காப்பியர் இடைவழியில் தங்குதல் இல்லை என்றது தலைவனின் நெஞ்சைக் கருதி. நம் சாலையில் தங்கவேண்டி வருகிறது. தங்கும்போது நெஞ்சு என்ன செய்கிறது என்பதே புதிய முல்லைக்குரிய வினா.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூந்துகள் உண்டு துணையோடு வாழும் வண்டுகள் அஞ்சுமே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவைக்கிறான். தன் துணையை நாடி விரைபவன் பிற உயிர்களின் துணையையும் கருதுகிறான். புகைக்குழாயை மாற்றி ஓசையைப் பெருக்குவதை ஆண்மை என்று கருதும் ஒரு போக்கு நம் இளைஞரிடையே உள்ளது. அது எழுத்திலும் ஒலிக்கிறது. மருதனாரின் தலைவனை நினைவுகூர்வது ஒழுக்கம் போதிப்பதற்காக அன்று. விரைவும் பரிவும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு அவன் சான்று.

எது ஊர்?

மலேசியத் தமிழில் ஊர் என்னும் சொல்லுக்கு வரலாறு உண்டு. முதல் தலைமுறையினர் ஊருக்குப் போகிறேன் என்றால் அது தமிழகத்தைக் குறித்தது. நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் செல்லும் 'ரஜூலா' கப்பல் அம்மீட்சியின் ஊர்தியாக இருந்தது. 1970களில் அதன் இடத்தை 'சிதம்பரம்' ஏற்றது. 1985இல் ஏற்பட்ட தீவிபத்திற்குப் பின் அக்கப்பல் பயணமும் ஓய்ந்தது. இடையில் 1969ஆம் ஆண்டை ஒட்டி, குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பலர் தோட்டங்களை விட்டுத் தமிழகம் சென்றனர். அவர்கள் சென்றது ஊருக்கு என்று சொல்லப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் பலர் அவ்வூரை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

இரண்டாம், மூன்றாம் தலைமுறையினருக்கு ஊர் என்பது தோட்டமாயிற்று. கெடாவிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ உள்ள ஒரு தோட்டத்தின் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகியவை சேர்ந்து ஊர் என்னும் பொருளை ஏற்றன. ஆனால் அவ்வூரின் நிலம் அவர்களுடையது அன்று. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் இவ்வுண்மையை உணர்த்தியது. அதற்கு எதிர்வினையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடமளித்தது. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பல இடங்களில் கோயில் மட்டும் எஞ்சியது. சில இடங்களில் அதுவும் எஞ்சவில்லை.

இந்நிலையில் 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை 750 கிலோமீட்டருக்கும் மேலாக நீள்கிறது. மோட்டார்சைக்கிளுக்கு அதில் கட்டணம் இல்லை. நகரில் கூலி வேலை செய்பவனுக்கும் ஊர் திரும்புதல் எளிதாயிற்று. வழி திறந்த அதே காலத்தில் ஊர் மறைந்துகொண்டிருந்தது என்பது நம் வரலாற்றின் முரண். இம்முரணை உணராத எழுத்து, நெடுஞ்சாலையின் அழகைப் பாடி முடித்துவிடுகிறது.

மலாய் வழக்கில் 'பாலேக் கம்போங்' என்னும் தொடர் பெருநாள் மீட்சியைக் குறிக்கிறது. மறைந்த பாடகர் சுதிர்மான் ஹாஜி அர்ஷாத் பாடிய அப்பெயர் கொண்ட பாடல் பெருநாள் காலத்தில் இனவேறுபாடின்றி எங்கும் ஒலிக்கிறது. நம் எழுத்தாளர் பலர் இத்தொடரையே கடன் வாங்குகின்றனர். கம்போங் என்பதில் பெரும்பாலும் சொந்த வீடும் பரம்பரை நிலமும் அடங்கும். தோட்டத்தில் பிறந்தவனின் மீட்சிக்கு அச்சொல் முழுதும் பொருந்தாது. சொல்லைக் கடன் வாங்கும்போது அதன் உறுதிப்பாட்டையும் சேர்த்துக் கடன் வாங்கியதாக எண்ணிக்கொள்வது ஒரு மயக்கம்.

இவ்விடத்தில் கே. எஸ். மணியம் நினைவுக்கு வருகிறார். 1942இல் கெடாவின் பீடோங்கில் பிறந்து 2020இல் மறைந்த அவர், ஆங்கிலத்தில் எழுதிய தம் முதல் நாவலுக்கு 'தி ரிட்டர்ன்' என்றே பெயரிட்டார். 1981இல் வெளிவந்த அந்நாவலில், தமிழகத்திலிருந்து வந்த பாட்டி பெரியதாய் தான் வாழும் நிலத்தைத் தனதாக்கிக்கொள்ள முயன்று தோற்று மறைகிறாள். இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று மீளும் பேரன் ரவி, தன் தந்தையும் அதே நிலவேட்கையில் சிக்கிப் பிறர் நிலத்தில் வீடெழுப்ப முயல்வதைக் காண்கிறான். அம்முயற்சி தீயில் முடிகிறது. மீண்டவனால் ஊரைக் காக்க இயலவில்லை; ஊராலும் அவனைத் தன்னவன் என்று ஏற்க இயலவில்லை. மீட்சி என்னும் பெயரிட்டு மீட்சியின் இயலாமையை எழுதிய இந்நாவல், ஊர் திரும்பும் எழுத்துகளை மதிப்பிட நமக்குக் கிடைத்த நவீன அளவுகோல். மணியம் வருந்தி நிற்கவில்லை. நிலம் யாருடையது என்று கேட்டார். அவ்வினா எழாத ஊர் நினைவு வெறும் ஏக்கமாகவே முடியும்.

இருத்தல் யாருடையது?

முல்லையின் உரிப்பொருள் மீளுதல் அன்று, இருத்தல். இது அடிக்கடி மறக்கப்படும் செய்தி. திணையின் மையம் வருபவனிடம் இல்லை, காத்திருப்பவளிடம் உள்ளது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளைக் கொண்டது. அதில் விரிச்சி கேட்ட முதுபெண்டிரும், ஆற்றியிருக்கும் தலைவியும், பாசறையில் உறங்காத தலைவனும் பெரும்பகுதியை நிறைக்கின்றனர். மீளும் தேரின் வரவு இறுதிப் பகுதியில்தான் வருகிறது. அதுவும் தலைவியின் காதில் விழும் ஒலியாகவே வருகிறது.

நம் கட்டுரைகளில் இருப்பவரின் இடம் யாது? பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒரு தாய் வாசலில் நிற்கிறாள்; மகனைக் கண்டதும் கண்ணீர் விடுகிறாள்; கட்டுரை முடிகிறது. அவள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எவரும் கேட்பதில்லை. மகன் புறப்பட்ட செய்தி வந்ததிலிருந்து அவள் தூங்கியிருக்க மாட்டாள். தெருவில் செல்லும் ஒவ்வொரு மோட்டார் ஒலியையும் கேட்டு, இது அவனுடையது அன்று என்று தள்ளியிருப்பாள். ஊர்தியின் ஒலியை வைத்து ஆளை அறியும் செவி நம் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் உண்டு. முல்லைப்பாட்டுத் தலைவியின் செவிக்கும் அதற்கும் தொலைவு அதிகம் இல்லை.

அவ்விருத்தலில் அச்சமும் கலந்திருக்கிறது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களே. பெருநாள் காலங்களில் காவல்துறையினர் சிறப்பு நடவடிக்கைகள் மேற்கொள்வதும், விபத்து எண்ணிக்கைகள் நாளிதழ்களில் வருவதும் நாம் அறிந்தவை. சங்கத் தலைவியின் ஐயம், அவன் சொன்ன பருவத்தில் வருவானா என்பது. இத்தாயின் ஐயம், அவன் வருவானா என்பதே. சாலையைச் சுதந்திரத்தின் குறியீடாக மட்டும் எழுதும் கட்டுரை இவ்வச்சத்தை மறைத்துவிடுகிறது. ஆபத்தைப் பயணியின் வீரத்திற்கு அணியாக்குவது எளிது. அவ்வாபத்தின் சுமையை இரவெல்லாம் தாங்குபவர் பயணி அல்லர் என்பதை எழுதுவதே கடினம். அக்கடினத்தை ஏற்பதில்தான் இவ்வகை எழுத்தின் நேர்மை அடங்கியிருக்கிறது.

முல்லை திரிந்த பாலை

இருப்பவரே இல்லாத மீட்சியை என்னவென்பது? பெற்றோர் மறைந்தனர் அல்லது நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். லயங்கள் இடிக்கப்பட்டன. ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கோயிலை நோக்கி ஒருவன் மோட்டார்சைக்கிளில் வருகிறான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே தன் வீடு இருந்த இடத்தைக் கண்டறிய முயல்கிறான். நடந்த தொலைவை வைத்தும் ஒரு பழைய கிணற்றை வைத்தும் ஓரளவு கணிக்கிறான்.

இதை முல்லை என்று கூற இயலாது, காத்திருப்பவர் இல்லை. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைத் தருகிறார். பாலை தனி நிலம் அன்று. நன்னிலம் ஒன்றின் இழப்பு. அவ்வகையில் தோட்டத்து மீட்சி முல்லை திரிந்த பாலை எனலாம். முல்லையின் எல்லாக் கருவிகளும் அங்கே உள்ளன. மழை இருக்கிறது, மாலை இருக்கிறது, விரையும் ஊர்தி இருக்கிறது. இருத்தல் மட்டும் இல்லை. அது நீங்கியதும் மற்றவையெல்லாம் பாலையின் பொருள்களாகிவிடுகின்றன.

இவ்வேறுபாட்டைக் காணாத எழுத்து இரு தவறுகளைச் செய்கிறது. ஒன்று, இல்லாத முல்லையைப் புனைந்து, பழைய தோட்டத்தைக் குறையற்ற சொர்க்கமாக்குகிறது. குறைந்த கூலியும் கள்ளுக்கடையும் அதிகாரிகளின் ஏச்சும் அதில் மறைந்துவிடுகின்றன. மற்றொன்று, எல்லாம் மாறிவிட்டது என்னும் ஒரே தொடரில் புலம்பி முடிக்கிறது. மாறிற்று என்பது எவருக்கும் தெரியும். யார் விற்றார், யார் வாங்கினார், குடியிருந்தோர்க்கு என்ன கிடைத்தது, அவர்கள் எங்கே சென்றனர் என்பவையே சொல்லப்பட வேண்டியவை. அவ்விடத்திற்கு நேரில் சென்று நிற்பவன் என்ற முறையில் தனிப்பயணி இவற்றைக் கேட்டு எழுதும் வாய்ப்புப் பெற்றவன். தோட்டத்தில் வாழ்ந்த கடைசித் தலைமுறையினர் முதுமை எய்திவிட்ட இக்காலத்தில் அவ்வாய்ப்பு நெடுநாள் நீடிக்காது.

இரு மறுப்புகள்

இவ்வொப்பீட்டிற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வேந்தனின் படைத்தலைவனையும் தொழிற்சாலைக் கூலியையும் ஒப்பிடுவது பொருந்துமா என்பது முதலாவது. பொருந்தும் என்றே கருதுகிறேன். முல்லைத் தலைவன் தன் விருப்பால் பிரிந்தவன் அல்லன், வேந்துவினையால் பிரிந்தவன். வினை முடிந்தது என்று வேந்தன் கருதினாலன்றி அவன் தேரேற இயலாது. விடுப்புக் கிடைத்தாலன்றி இவனும் புறப்பட இயலாது. பிறர் வினைக்காகத் தன் இல்லத்தை நீங்கி இருத்தல் என்னும் நிலை இருவர்க்கும் பொது. ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டார்சைக்கிளில் சென்று மீளும் பல்லாயிரவரை எண்ணினால், வேந்துவினையும் மீட்சியும் ஒரே நாளின் இரு முனைகளாகிவிட்டதைக் காணலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஆண் செல்வான், பெண் இருப்பாள் என்னும் பாகுபாட்டின்மேல் முல்லை எழுந்தது. இன்று பெண்களும் தனியே மோட்டார்சைக்கிளில் ஊர் திரும்புகின்றனர். அவர்களின் மீட்சிக்கு இம்மரபில் இடம் உண்டா? நேரடியான இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மீளும் தலைவனின் வியப்பை மிகச் சிறப்பாகப் பாடியவர் மாசாத்தியார் என்னும் பெண்பாற்புலவர் என்பதை மறக்கலாகாது. காத்திருத்தலும் வருதலும் பாலுக்கு உரியவை அல்ல, நிலைக்கு உரியவை. மகள் வரும் இரவில் தந்தை வாசலில் இருந்தால் அதுவும் இருத்தலே. இம்மாற்றத்தை எழுதும் படைப்புகள் தோன்றும்போது முல்லையின் இலக்கணமும் விரியும்.

முடிவுரை

தனி மோட்டார்சைக்கிளில் ஊர் திரும்பும் எழுத்து, தமிழ் மரபில் வேரில்லாத புதுச்சரக்கு அன்று என்பதும், அது முல்லையின் வழித்தோன்றலாக நின்று மதிப்பிடப்பட வேண்டும் என்பதும் இதுவரை கூறியவற்றால் பெறப்படும். பாகன் நீங்கியதால் அது பேச்சையும் நன்றியையும் வழி மறக்கும் உரிமையையும் இழந்தது. தோட்டம் நீங்கியதால் பல வேளைகளில் இருத்தலையும் இழந்தது. இவ்விழப்புகளை மறைக்கும் எழுத்து நொடியில் மறையும். இவற்றை ஏற்று எழுதப்படும் எழுத்து நிலைக்கும்.

ஆகவே இவ்வகை எழுத்தைப் படிக்கும் திறனாய்வாளன் மூன்று வினாக்களைக் கேட்கலாம். வழியில் நின்றபோது யாரோடு நின்றான்? ஊரில் அவனுக்காக யார் இருந்தார், அவ்விருத்தல் எவ்வாறு இருந்தது? இருக்க எவரும் இல்லையெனில், அந்நிலம் யாருடையதாக இருந்து யாருடையதாயிற்று? ஒக்கூர் மாசாத்தியாரின் தலைவன் தேரை விட்டு இறங்கியதோடு பாடல் நிற்கவில்லை. பாகனையும் உடன் அழைத்துக்கொண்டு அவன் இல்லத்தினுள் நுழைந்தான். நம் கட்டுரைகள் ஊர்தியை நிறுத்திய இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. இனி எழுதுபவர்கள் வாசலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும். உள்ளே எவரும் இல்லையென்றால் அண்டை வீட்டுக் கதவையேனும் தட்டிக் கேட்க வேண்டும்.